காரோடு வந்த பழைய மேப்பைச் சிங்கப்பூர் சாலைக்குப் பழக்குவது எப்படி

போன மாதம் தெங்காவில் சித்தி மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா. பின் சீட்டில் அம்மா, மடியில் சீர்த்தட்டு. நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது, கையில் இருபது நிமிடம் இருக்கிறது. திடீரென்று கார் திரையில் சாலைகள் எல்லாம் மறைந்துபோய், எங்கள் அம்புக்குறி மட்டும் ஒரு பச்சைப் பரப்பில் தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் புத்தம் புதுப் புளோக்குகள், பேருந்து நிறுத்தம், சைக்கிள் பாதை எல்லாம் இருக்கிறது. திரையில் ஒன்றும் இல்லை. ‘முடிந்தால் யூ-டர்ன் எடுக்கவும்’ என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப ஒரு குரல். “என்னப்பா அது, திரும்பச் சொல்லுதா?” என்று அம்மா மூன்று முறை கேட்டுவிட்டார். ஓரமாக நிறுத்தி, கைப்பேசியை எடுத்து, வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி முடிந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அன்று இரவே உட்கார்ந்து அந்தக் கருவியை முழுசாக நோண்டிப் பார்த்தேன். அடுத்த சில வாரங்களில் தெரிந்தவர்களின் கார்களிலும் பார்த்தேன். என்னென்ன சரிசெய்யலாம், எதைச் சரிசெய்யவே முடியாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். செயற்கைக்கோள் உங்களுக்கு வழி சொல்வதில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கார் கணக்குப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். சாலை எங்கே போகிறது, எங்கே திரும்பலாம், எது ஒருவழி என்பதெல்லாம் காருக்குள் பதிந்து வைத்த வரைபடத்திலிருந்து வருவது. அதனால் கோளாறும் இரண்டு வகை. அம்பு சரியான இடத்தில் நிற்கிறது, ஆனால் அடியில் சாலை இல்லை என்றால் வரைபடம் பழசு. சாலை இருக்கிறது, அம்பு மட்டும் பக்கத்துத் தெருவில் ஓடுகிறது என்றால் சமிக்ஞையிலோ சென்சாரிலோ பிரச்சினை. வொர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். இதைச் சொல்லத் தெரியாமல் போன நண்பர் ஒருவர், வரைபடம் பழசாக இருந்ததற்கு ஆன்டெனாவை மாற்றிப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

நம் ஊரில் பெரும்பாலும் முதல் வகைதான், அதற்குக் காரணம் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். ஒரு காரைப் பத்து வருஷம் வைத்திருக்கிறோம், புதுப்பித்தால் இன்னும் ஐந்தோ பத்தோ வருஷம் ஓடுகிறது. காருக்குள் இருக்கும் வரைபடமோ கார் தயாரான வருஷத்துக்கும் கொஞ்சம் முந்தையது. என் கார் 2017இல் பதிவானது. தெங்காவில் ஆட்கள் குடியேறத் தொடங்கியதே 2023இல்தான். அந்த மேப்புக்குத் தெங்கா என்றால் இன்னமும் காடுதான். பொங்கோலின் புதிய பகுதிகளிலும், வடக்கு-தெற்குத் தடம் என்கிற புது விரைவுச்சாலைக்காகத் தோண்டிப்போட்டு அடிக்கடி திருப்பிவிடுகிற மேரிமவுண்ட் ரோடு பக்கத்திலும் இதே கதைதான்.

எனவே முதல் வேலையாக, காரை நிறுத்திய நிலையில் செட்டிங்ஸுக்குள் போய் ‘சிஸ்டம்’ அல்லது ‘இன்ஃபர்மேஷன்’ என்று இருக்கும் இடத்தில் மேப் பதிப்பைப் பாருங்கள். அதிலேயே பெரும்பாலும் வருஷம் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கார் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு, சிங்கப்பூர்-மலேசியா பகுதிக்கு, புதிய பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். சில நிறுவனங்கள் முதல் சில வருஷங்களுக்கு இலவசமாகவே தருகின்றன, யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. முகவரிடம் கேட்டால் ‘சர்வீஸுக்கு வரும்போது போட்டுத் தருகிறோம், இவ்வளவு ஆகும்’ என்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் போடப்போகிற மேப் எந்த வருஷத்தது?” எனக்குக் கிடைத்த பதிலின்படி, புதிது என்று அவர்கள் சொன்ன பதிப்பே நான்கு வருஷம் பழசு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்களே போடுவதானால், மேப் இருக்கிற எஸ்டி கார்டை எடுத்துக் கணினியில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். சில கார்களில் அந்தக் கார்டு அந்தக் காரோடு மட்டுமே ஒத்துப்போகும்படி பூட்டப்பட்டிருக்கும், அழித்தால் கதை முடிந்தது. சேமித்து வைத்த இடங்களின் பட்டியலையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்டேட்டில் அது போய்விடலாம். இன்னொன்று, அப்டேட் முடிய நேரம் பிடிக்கும், அதுவரை இன்ஜின் ஓட வேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். இங்கே கார் பார்க்கில் சும்மா இன்ஜினை ஓடவிட்டு நிற்பது குற்றம். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் ஆகும் வசதி பல கார்களில் இருக்கிறது, உங்கள் காரில் இருந்தால் நீண்ட பயணம் போகும் ஒரு நாளில் யூஎஸ்பியைச் செருகிவிடுங்கள்.

பேரலல் இம்போர்ட்டாக, அதாவது கார் நிறுவனத்தின் முகவர் வழியாக இல்லாமல், ஜப்பானிலிருந்து நேராக வந்த கார் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அதில் இருப்பது ஜப்பான் வரைபடம், எழுத்தும் ஜப்பானிய எழுத்து. அதில் சிங்கப்பூர் மேப்பை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பணம் கொடுங்கள். அந்த வகையில் சில கருவிகள் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பேட்டரி மாற்றுகிறவரிடம் முன்கூட்டியே சொன்னால் மின்சாரம் அறுந்துபோகாமல் மாற்ற முடியும். இப்படிப்பட்ட காருக்கு, கைப்பேசியின் மேப்பைக் கார் திரையில் காட்டுகிற கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் உள்ள வேறு திரையை மாட்டுவதுதான் நிம்மதி.

பழைய கருவிகளில் கடிகாரமும் தேதியும் தாறுமாறாகக் காட்டுவதையும் கவனித்திருப்பீர்கள். ஜிபிஎஸ் வாரங்களை எண்ணுகிற கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி ஆனது. அதைச் சமாளிக்கத் தெரியாத கருவி இருபது வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பென்றால் போய்ச்சேரும் நேரமும் தப்பாக வரலாம். ஜிபிஎஸ்ஸோடு நேரத்தைச் சேர்த்துக்கொள்ளும் தெரிவை அணைத்துவிட்டுக் கையால் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்தை நம்பாதீர்கள்.

சரி, மேப் ஓரளவு நல்லதுதான், ஆனால் இடத்தைத் தேடினால் கிடைப்பதில்லை என்பது அடுத்த புகார். இதற்கு ஒரே மருந்து ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. தெருப் பெயரை அடிக்கவே அடிக்காதீர்கள். அங் மோ கியோவில் அவென்யூ ஒன்று முதல் வரிசையாகப் போகிறது, புக்கிட் பாத்தோக்கில் ஸ்ட்ரீட் தனி, ஈஸ்ட் அவென்யூ தனி, வெஸ்ட் அவென்யூ தனி. ஜாலான் என்று முழுசாக அடித்தால் ஒரு கருவிக்குப் புரியாது, சுருக்கி அடித்தால் இன்னொன்றுக்குப் புரியாது. குரலில் சொன்னாலோ, லோரோங், சிராங்கூன் எல்லாம் அதன் காதில் வேறு எதுவோவாக விழுகிறது. 1995 முதல் இங்கே கட்டடத்துக்கு ஒரு குறியீடு என்று இருக்கும்போது நமக்கு ஏன் அந்த வம்பு? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் கடைசி மூன்று எண்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். தேக்கா சென்டர் புளோக் 665, அதன் குறியீடு 210665. ஆகவே எண்ணைத் தப்பாக அடித்தாலும் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். புதிய புளோக்கின் குறியீடு உங்கள் மேப்பில் இல்லையா, அதன் அருகில் உள்ள பழைய பள்ளி, எம்ஆர்டி நிலையம் ஏதாவது ஒன்றைப் போட்டு அங்கே வரை போய்விட்டு, மிச்சத்தைக் கைப்பேசியில் பாருங்கள்.

குறியீடு கட்டடத்தின் வாசலுக்குக் கொண்டுபோகும், கார் பார்க் நுழைவு பெரும்பாலும் பின்பக்கத் தெருவில் இருக்கும். அடிக்கடி போகிற இடமானால், முதல் முறை சரியாக நுழைந்து நிறுத்திய பிறகு ‘இப்போதைய இடத்தைச் சேமி’ என்பதை அழுத்திவிடுங்கள். நான் தேக்காவுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன். சிராங்கூன் ரோடு அங்கே ஒருவழி, ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் ஜாலான் புசார் பக்கமாகச் சுற்றி வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தச் சுற்று எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கார் நகரும்போது விசைப்பலகை மங்கிப்போய் எழுத்தே விழாது. அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக வைத்தது. அதைத் திறந்துவிட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். கிளம்புவதற்கு முன் அடித்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் காரில் இன்னொரு தொல்லை, முந்தைய உரிமையாளரின் தெரிவுகள் அப்படியே இருக்கும். என் மைத்துனர் வாங்கிய கார் ஈசூனிலிருந்து சாங்கிக்கு விரைவுச்சாலையே தொடாமல் ஒவ்வொரு சிக்னலாக நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போனது. மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் ‘விரைவுச்சாலையைத் தவிர்’ என்பதில் டிக் இருந்தது. பயணத் தெரிவில் ‘குறுகிய வழி’ என்று இருந்தாலும் இப்படித்தான், சந்து சந்தாக நுழைய வைக்கும். ‘விரைவான வழி’ என்று மாற்றுங்கள். குரல் சத்தம் போதவில்லை என்றால், அது பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் வால்யூம் குமிழைத் திருப்புங்கள், பாட்டுச் சத்தமும் இதுவும் பல கார்களில் தனித்தனி. மத்தியான மழையில் விளக்கைப் போட்டவுடன் திரை இருண்டுபோய் ஒன்றுமே தெரியாமல் போகிறதா? விளக்கோடு இரவு நிறம் இணைந்திருப்பதால் வருவது, மேப் நிறத்தைப் ‘பகல்’ என்று நிரந்தரமாக வைத்துவிடலாம்.

இனி அம்பு இடம் மாறுகிற கோளாறு. இங்கேதான் காரோடு வந்த கருவிக்கு நியாயம் செய்ய வேண்டும். கேபிஇ (காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை) 12 கிலோமீட்டர், அதில் 9 கிலோமீட்டர் சுரங்கம். 70 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஏழெட்டு நிமிடம் வானம் தெரியாது, செயற்கைக்கோளும் கிடையாது. அது எம்சிஇயோடு (மரீனா கரையோர விரைவுச்சாலை) சேரும் இடத்தில் மறுபடியும் சுரங்கம், அங்கே 3.6 கிலோமீட்டர். கைப்பேசி அந்த இடத்தில் கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து ஊகிக்கும், நெரிசலில் நின்றால் அதுபாட்டுக்கு முன்னால் ஓடிவிடும். காரின் கருவியோ சக்கரம் எத்தனை முறை சுற்றியது, கார் எந்தப் பக்கம் வளைந்தது என்பதை உள்ளிருக்கும் சென்சார்களிலிருந்து எடுத்துக் கணக்குப் போடும். அதனால் நல்ல கருவி என்றால் சுரங்கத்துக்குள் அதுதான் நம்பகமானது. எனக்கு இது தெரியாத காலத்தில் கைப்பேசியை நம்பி எம்சிஇயில் வெளியேறும் வழியைத் தவறவிட்டு, நேராக ஏஒய்இக்குப் (ஆயர் ராஜா விரைவுச்சாலை) போய்ச் சேர்ந்தேன், சுற்றி வர அரை மணி நேரம்.

கைப்பேசியில்தான் போவேன் என்றால் ப்ளூடூத்தை அணைக்காதீர்கள். 2024 முதல் கேபிஇ, எம்சிஇ சுரங்கச் சுவர்களில் பீக்கன் எனப்படும் சிறு ப்ளூடூத் கருவிகள் இருக்கின்றன, வேஸ் செயலி அவற்றை வைத்து இடத்தைத் தெரிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கூகுள் மேப்ஸில் வழிகாட்டுதல் செட்டிங்ஸுக்குள் சுரங்க பீக்கன்களுக்கு என்று ஒரு பொத்தான் உண்டு, அதை நீங்களாகத்தான் இயக்க வேண்டும். எதை வைத்திருந்தாலும் சரி, சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே எத்தனையாவது எண் வெளிவழி என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். பலகையில் எண் தெளிவாகவே எழுதியிருக்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாகப் போகும் சாலைகளும் இப்படிக் குழப்பும். கெப்பல் ரோட்டின் மேலே மேம்பாலம், அப்பர் சிராங்கூன் ரோட்டின் மேலேயும் மேம்பாலம். வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடுதான், நீங்கள் மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரிவதில்லை. மேலே போய்க்கொண்டிருக்கும்போது ‘இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்லும். சில கார்களில் ‘வேறு சாலை’ என்று ஒரு பொத்தான் வரும், அதை அழுத்தினால் மேல்சாலைக்கு மாறிக்கொள்ளும். இல்லாவிட்டால் அடுத்த சந்திப்பு வரை பலகையைப் பார்த்துப் போவதுதான் வழி. பல மாடிக் கார் பார்க்கில் சுற்றிச் சுற்றி இறங்கி வெளியே வந்தவுடன் அம்பு எதிர்த்திசை காட்டுவதும் இயல்பு. நேராக ஒரு நூறு மீட்டர் போனால் திருந்திவிடும், உடனே அது சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஷென்டன் வேயில் உயரமான கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் தெறிப்பதால் வருகிற பிழைக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

வெட்டவெளியிலும் அம்பு தள்ளாடுகிறது என்றால் கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிமைச் சந்தேகப்படுங்கள். உலோகம் கலந்த ஃபிலிம் சமிக்ஞையை மறைக்கும். வெயிலுக்காக ஃபிலிம் போடாத கார் இங்கே குறைவு, போடும்போதே செராமிக் வகை கேளுங்கள். பிற்பாடு மாட்டிய ஆண்ட்ராய்டு திரையாக இருந்தால், அதன் ஜிபிஎஸ் ஆன்டெனா தீப்பெட்டி அளவுக் கட்டையாக இருக்கும், அதை டேஷ்போர்டுக்கு அடியில் இரும்புச் சட்டத்தின் கீழே திணித்துவிடுகிறார்கள். முன்கண்ணாடியை ஒட்டி வானம் பார்க்கும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இருந்தால் தினசரிப் பயணத்துக்கு அதையே பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். இணையவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், சார்ஜுக்கு மட்டும் ஆகிற மலிவுக் கேபிள்தான் பல நேரம் காரணம். இரண்டு குரல் ஒரே நேரத்தில் பேசினால் காரின் வழிகாட்டுதலை நிறுத்துங்கள். அந்த வசதி இல்லாத காரில் கைப்பேசியை ஏசி காற்று படும் இடத்தில் பிடிப்பானில் மாட்டுங்கள், கண்ணாடியோரம் வெயிலில் சூடேறி அணைந்துவிடும். கையில் மட்டும் பிடிக்காதீர்கள். 2015 பிப்ரவரியிலிருந்து ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினால், பேசாவிட்டாலும் குற்றம்தான், முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். தினமும் கார்பிளேயையே பயன்படுத்துங்கள் என்று சொன்னதற்கு மின்சாரக் கார்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: வேகச் சார்ஜுக்குப் போகும்போது காரின் கருவியில் அந்த இடத்தைப் போடுங்கள், பல மாடல்களில் அப்போதுதான் பேட்டரி தன்னைத் தயார்செய்துகொள்ளும்.

ஈஆர்பி என்கிற மின்னணுச் சாலைக் கட்டண விஷயத்தில் பழைய கருவியை நம்பவே கூடாது. கட்டணம் இடத்துக்கு இடம், அரை மணிக்கு அரை மணி மாறுகிறது, பள்ளி விடுமுறையில் மறுபடி மாறுகிறது. அந்தக் கட்டணத்துக்காகக் காரில் புதிதாக மாட்டுகிற ஓபியூ கருவி எவ்வளவு பிடித்தது என்று காட்டும், வழி சொல்லாது. கிளம்புவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்து நிமிடம் தள்ளிப் போனால் மிச்சமாகுமா என்று முடிவு செய்யுங்கள்.

சாலை மூடல்களும் பழைய கருவிக்குத் தெரியாது. தைப்பூசத்துக்கு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும், தீமிதிக்கு அதே பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரைக்கும் தடங்கள் மூடப்படும். பால்குடம் எடுக்கிறவர்களை இறக்கிவிடப் போகும் குடும்பங்கள் ஒவ்வொரு வருஷமும் தடுப்புக்கு முன்னால் நின்று தவிப்பதைப் பார்க்கிறேன். இந்து அறக்கட்டளை வாரியத்தின் அறிவிப்பையும் தமிழ் முரசையும் முன்தினமே பார்த்து, இறக்கிவிடும் இடத்தின் அஞ்சல் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோகூர் போகும்போது நிலைமை தலைகீழ். பாலம் தாண்டியவுடன் கைப்பேசியில் ரோமிங் இல்லாவிட்டால் நேரடி மேப் நின்றுவிடும், காரின் மேப் இணையம் இல்லாமலே ஓடும். உங்கள் மேப்பில் மலேசியா இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். கூடவே கூகுள் மேப்ஸில் ஜோகூர் பகுதியை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், வழி காட்டும், நெரிசல் மட்டும் காட்டாது. உட்லண்ட்ஸா துவாஸா என்பதைக் காரிடம் கேட்காதீர்கள், சோதனைச்சாவடிக் கேமராப் படங்கள் ஒன்மோட்டரிங்கில் இருக்கின்றன.

கடைசியாக, சிஓஇ முடிந்து காரை ஒப்படைக்கும் நாளில் செய்ய வேண்டியது. செட்டிங்ஸில் ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்து எல்லாவற்றையும் அழியுங்கள். மைத்துனர் காரில் முந்தையவரின் வீட்டு முகவரி, பிள்ளையின் பள்ளி, தொலைபேசிப் பட்டியல் எல்லாம் அப்படியே இருந்தன. நாங்கள் அழித்தோம். உங்களுடையதை நீங்களே அழித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.